சோற்றைக் குறைத்தால் நாலு மணிக்கே பசிக்கிறது: அளவு குறைந்தும் வயிறு நிறைய என்ன வழி?

கோபி மருமகள்

வணக்கங்க. எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இப்போதுதான் எல்லையைத் தொட்டிருக்கிறது. மாத்திரை எதுவும் இன்னும் ஆரம்பிக்கவில்லை. சோற்றைப் பாதியாக்குங்கள், எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இவரும் சொன்ன சொல் தட்டாமல் பாதியாக்கிவிட்டார். மத்தியானம் ரெண்டு கரண்டி சோறு, அதற்கு அளவாகக் குழம்பு, வட்டல் ஓரத்தில் கொஞ்சம் பொரியல். அதோடு கை கழுவிவிடுகிறார்.

சிக்கல் அப்புறம்தான். மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார், பக்கத்திலேயே பேக்கரி. நாலு மணிக்கெல்லாம் வயிறு கபகபவென்று எரிகிறது என்று டீயும் தேங்காய் பன்னும் சாப்பிடுகிறார். ராத்திரி வீட்டுக்கு வந்தால் தோசைக்கு மேல் தோசை. "ஒழைக்கிற மனுசனப் பட்டினி போட்டா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று எங்கள் அத்தை கேட்கிறார். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஓட்ஸ், கினோவா, சியா விதை எல்லாம் எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் ஓடாதுங்க. கொள்ளு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கீரை, தோட்டத்துக் காய், மோர் இதெல்லாம் எப்போதும் இருக்கும். இதை வைத்தே வழி இருந்தால் சொல்லுங்க.

பவானிக்கரை

அம்மிணி, நான் ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். இந்தக் கேள்வி வராத நாள் கிடையாது. உங்கள் வீட்டுக்காரர் சோற்றைக் குறைத்தது சரி. ஆனால் சோறு விட்டுப்போன இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவில்லை. அதனால்தான் நாலு மணிக்குப் பசிக்கிறது.

வயிறு கலோரியை எண்ணிப் பார்ப்பதில்லை. உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கும். சாப்பாடு இறங்க இறங்க வயிற்றுச் சுவர் விரிகிறது, அந்தச் சேதியை வேகஸ் நரம்பு மூளைக்குக் கொண்டுபோகிறது. அப்புறம் சாப்பாடு சிறுகுடலுக்குப் போய், புரதமும் கொழுப்பும் அங்கே பட்டதும் சிசிகே, ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்கள் சுரந்து "போதும்" என்று சொல்கின்றன. எடை குறைய இப்போது போட்டுக்கொள்கிறார்களே செமாகுளுடைடு ஊசி, அது இந்த ஜிஎல்பி-1 செய்கிற வேலையைத்தான் செய்கிறது. ஆக, இரண்டு வேலை நடக்க வேண்டும். சாப்பிடும்போதே வயிறு நிறைய வேண்டும், அந்த நிறைவு மூன்று நான்கு மணி நேரம் நிற்கவும் வேண்டும். முதல் வேலையைக் காயும் கீரையும் ரசமும் செய்யும். இரண்டாவதைப் பயறும் முட்டையும் தயிரும் நார்ச்சத்தும் செய்யும். வெறும் ரெண்டு கரண்டி சோறு இரண்டையுமே செய்யாது.

கணக்கைப் பாருங்கள். வெந்த சோறு 100 கிராமுக்கு சுமார் 130 கலோரி. முன்பு 300 கிராம் சாப்பிட்டிருந்தால் 390. இப்போது பாதி, 195. மிச்சமான அந்த 195 கலோரியையும் அதற்கு மேலேயும் சாயங்காலம் பன் கொடுத்துவிடுகிறது. இப்படிச் செய்து பாருங்கள்: சோறு 150 கிராமே இருக்கட்டும். பக்கத்தில் 200 கிராம் காய், எண்ணெய் குறைத்து. 40 கிராம் பச்சைப்பயறு வேகவைத்துக் கடைந்தால் ஒரு கிண்ணம் வரும். அதில் 9 கிராம் புரதம், 140 கலோரிக்குள். கடைசியில் ஒரு டம்ளர் மோர். வட்டலில் இருக்கும் மொத்த எடை பழைய சாப்பாட்டை விடக் கூடுதல், கலோரி கூடவில்லை. அத்தை வந்து பார்த்தால் வட்டல் நிறைந்திருக்கும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் என்ற பேராசிரியை இதைப் பல வருடமாக ஆராய்கிறார். 1999ல் வந்த அவரது ஆய்வு ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. 24 பெண்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கோழியும் அரிசியும் காயும் கலந்த ஒரே பண்டத்தைக் கொடுத்தார்கள். ஒரு நாள் அதைக் கெட்டியாகக் கொடுத்தார்கள். ஒரு நாள் கெட்டியாகக் கொடுத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். இன்னொரு நாள் அதே தண்ணீரை அதிலேயே ஊற்றி சூப்பாக்கிக் கொடுத்தார்கள். மூன்றிலும் கலோரி ஒன்றுதான். சூப்பாகக் குடித்த நாளில் அதற்குப் பின் வந்த சாப்பாட்டில் சுமார் 100 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். தண்ணீரைத் தனியே குடித்த நாளில் எந்த வித்தியாசமும் இல்லை.

நம் ஊர்க் கடைசலும் கொள்ளு ரசமும் அந்த சூப் செய்த வேலையைத்தான் செய்யும். நீர் பயறுக்குள் ஊறி, வெந்து, அதோடு கலந்து இறங்குகிறது. சோற்றுக்கு முன்னால் அரைக் கிண்ணம் கொள்ளு ரசம் குடித்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

பல்லடம் தறிக்காரன்

அக்கா, அப்போ சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சா வயிறு நிறைஞ்சிரும்னு சொல்றது பொய்யா? எங்கள் பட்டறையில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பவானிக்கரை

முழுப் பொய் இல்லைங்க தம்பி. வயது கூடிய, எடையும் கூடிய ஆட்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடித்தவர்கள் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். இளவட்டங்களிடம் அது நிற்கவில்லை. வெறும் தண்ணீர் வயிற்றில் தங்காது, சீக்கிரம் கீழே இறங்கிவிடும். பயறோடும் காயோடும் சேர்ந்த நீர்தான் தங்கும். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், தறியடியில் வேலை செய்கிறவருக்கு அது கட்டாயம் வேண்டும். பசிக்கு அதை நம்பாதீர்கள்.

காங்கயத்துப் பெரியவர்

எனக்கு எழுபதுக்கு மேல் ஆகிறது. எங்கள் காலத்தில் சாளையில் கம்மஞ்சோறும் சோளச்சோறும் ராகிக்களியும்தான். நெல்லுச்சோறு என்பது நோம்பிக்கும் ஒரம்பரை வந்தாலும்தான். கம்பில் சக்தி அதிகம், கொழுப்புக் கிடையாது, எவ்வளவு தின்றாலும் உடம்பு போடாது. அரிசியை விட்டுவிட்டுக் கம்புக்கு மாறினால் அளவெல்லாம் பார்க்க வேண்டியதே இல்லை. சின்னப் பிள்ளைகள் இதை ஏன் சுற்றி வளைக்கிறீர்கள் என்று புரியவில்லை.

பவானிக்கரை

ஐயா, கம்பை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் "எவ்வளவு தின்றாலும்" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லைங்க. கம்பும் அரிசியும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரிதான். கம்பில் அரிசியை விடக் கொழுப்பு கொஞ்சம் கூடவே இருக்கிறது. வித்தியாசம் நார்ச்சத்தில். கம்பில் 100 கிராமுக்கு 11 கிராமுக்கு மேல் இருக்கிறது, தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. அதனால் கம்மஞ்சோறு வயிற்றில் நின்று மெதுவாகச் செரிக்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே போதும் என்று தோன்றும். கம்பு நமக்கு உதவுவது அந்த வழியில்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலம் அது. விடியக்காலை மாடு பூட்டினால் பொழுது ஏறும்வரை முன்னும் பின்னும் நடை. அந்த உடம்புக்கு அந்தக் களியுருண்டை தகும். இன்றைக்கு மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்கிறவர் அதே உருண்டையைச் சாப்பிட்டால் கம்பானாலும் உடம்பு போடத்தான் செய்யும்.

காங்கயத்துப் பெரியவர்

நீங்கள் சொல்வதும் நாயந்தான். கவலை ஓட்டின கால் அது. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். களியையும் கம்மஞ்சோற்றையும் நாங்கள் வெறுமனே தின்றதில்லை. கீரை கடைந்தது, தட்டைப்பயறுக் குழம்பு, கொள்ளுப் பருப்பு என்று ஒன்று குண்டா நிறைய இருக்கும். களியைக் கிள்ளி அதில் தோய்த்துத் தோய்த்துத்தான் உள்ளே போகும். கூழாகக் கரைத்துக் குடித்தால் காட்டில் வேலை செய்யும்போது சீக்கிரம் பசித்துவிடும், அதையும் கண்டிருக்கிறோம்.

பவானிக்கரை

கூழைப் பற்றிச் சொன்னது ரொம்பச் சரிங்க ஐயா. அதே மாவுதான், ஆனால் மடக் மடக்கென்று ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. களியாகவோ சோறாகவோ சாப்பிட்டால் நேரம் பிடிக்கும். "போதும்" என்கிற ஹார்மோன்கள் சுரந்து மூளைக்கு உறைக்க இருபது நிமிடம்போல ஆகும். அதற்குள் சாப்பிட்டு முடித்தவர், நிறைவு வருவதற்கு முன்பே இன்னொரு கரண்டி கேட்டிருப்பார். எடை குறைக்க நினைக்கிறவர்கள் கம்பைக் கூழாக்காமல் சோறாக ஆக்கிச் சாப்பிடுங்கள். கோடையில் மோர் கரைத்த கம்மங்கூழ் வேண்டும் என்றால் சின்ன வெங்காயத்தையும் மோர்மிளகாயையும் கடித்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திக் குடியுங்கள்.

வடவள்ளி வாசகன்

நான் படித்தது வேறு. பெரிய தட்டை மாற்றிச் சின்னத் தட்டில் போட்டுக்கொண்டால், தட்டு நிறைந்திருப்பதைப் பார்த்தே மனம் நிறைந்துவிடும் என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்ததே. செலவில்லாத வழி ஆயிற்றே, யாரும் ஏன் சொல்லவில்லை?

பவானிக்கரை

தெரிந்துதான் சொல்லவில்லைங்க. அந்தக் கருத்தைப் பரப்பியதில் பெரும்பங்கு அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரையன் வான்சிங்கின் ஆய்வுகளுக்கு உண்டு. அவருடைய கட்டுரைகள் பத்துக்கு மேல் திரும்பப் பெறப்பட்டன. 2018ல் ஒரே சமயத்தில் ஆறு கட்டுரைகளை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ்கள் விலக்கிக்கொண்டன. ஆய்வு நெறி மீறல் நடந்திருக்கிறது என்று பல்கலைக்கழகமே அந்த வருடம் அறிவித்தது. மற்றவர்கள் செய்த ஆய்வுகளிலும் தட்டின் அளவு ஒரு சமயம் உதவுகிறது, ஒரு சமயம் உதவவில்லை. சின்னத் தட்டில் மூன்று தரம் போட்டுக்கொள்ள யாருக்கும் தடையில்லையே. தட்டில் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைப் பாருங்கள், தட்டு எந்த அளவில் வேண்டுமானாலும் இருக்கட்டும்.

உறுதியாக நிற்பது சாப்பிடும் வரிசை. 2015ல் நியூயார்க்கில் ஒரு சின்ன ஆய்வு, சர்க்கரை நோய் உள்ள 11 பேரை வைத்து. ஒரு நாள் மாவுப்பண்டத்தை முதலில் கொடுத்தார்கள். இன்னொரு நாள் காயும் கோழியும் முதலில், கால் மணி நேரம் கழித்து மாவுப்பண்டம். பண்டங்கள் இரண்டு நாளும் ஒன்றுதான். காய் முதலில் போன நாளில் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை 37 சதவீதம் குறைவு. ஆள் எண்ணிக்கை சின்னது என்றாலும் அப்புறம் வந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான் நிற்கின்றன. கோபி அம்மிணி இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். பொரியலையும் கடைசலையும் முதலில் பாதி சாப்பிட்ட பிறகு சோற்றில் கை வைக்கச் சொல்லுங்கள்.

ஆனைமலைச் சமையல்கட்டு

சொல்கிற அக்காவுக்கு நன்றிங்க. செய்கிற பக்கத்தை நான் சொல்கிறேன். கடைசல் ருசியாக இல்லை என்றால் இத்தனை விஞ்ஞானமும் வீண். ஆண்கள் ரெண்டு நாள் பார்ப்பார்கள், மூன்றாம் நாள் பழைய குழம்பைக் கேட்பார்கள்.

பச்சைப்பயறை வெறும் வாணலியில் போட்டு, பச்சை நிறம் லேசாக மங்கி, அடுத்த அறை வரைக்கும் வாசம் வருகிற வரை வறுக்க வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் பச்சை வாசம் நிற்கும். கழுவி, ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீர் வைத்து, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, தக்காளி ஒன்று, பச்சைமிளகாய், பூண்டு, சீரகம் எல்லாவற்றையும் அதோடே போட்டு வேகவிடுங்கள். குக்கர் என்றால் நாலு விசில். உப்பைக் கடைசியில் போட்டு மத்தால் கடையுங்கள். மிக்சியில் போட வேண்டாம், பசை மாதிரி ஆகிவிடும். பாதி உடைந்து பாதி முழுசாக இருந்தால்தான் வாயில் தட்டுப்படும், மென்று சாப்பிடத் தோன்றும். அரை டீஸ்பூன் எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் போதும். சின்ன வெங்காயத்தைக் குறைக்காதீர்கள், ருசி அதில்தான் இருக்கிறது.

கொள்ளு என்றால் முதல் நாள் ராத்திரியே ஊறப்போட வேண்டும். வேகவைத்த தண்ணீரை வடித்து ரசத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, கொள்ளை மட்டும் வரமிளகாய், மல்லிவிதை, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் வதக்கிச் சேர்த்து அம்மியிலோ மிக்சியிலோ கொரகொரப்பாக ஆட்டுங்கள். ஒரு கொள்ளில் ரசமும் ஆச்சு, கடைசலும் ஆச்சு.

அரிசியும்பருப்புச் சோற்றை விட மனசு வராதவர்கள் அளவை மாற்றுங்கள். எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்புப் போடுவது வழக்கம். இப்போது அரை டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் பருப்பு, கூடவே அவரைக்காயும் முருங்கைக்கீரையும் போடுகிறேன். குழையக் குழைய, கொஞ்சம் தளர்வாக இறக்கினால் யாரும் குறை சொல்வதில்லை. நெய் ஒரு ஸ்பூன் ஊற்றினால் போதும். அப்பளத்துக்குப் பதில் வெள்ளரிக்காய்ப் பச்சடி.

பவானிக்கரை

வறுப்பதைப் பற்றி எழுதினீர்களே, அதைப் படிக்கும்போதே வாசம் வந்தது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பொரியலுக்கு எண்ணெய் ஊற்றும்போது பாட்டிலைச் சாய்த்து ஊற்றாமல் ஸ்பூனில் அளந்து ஊற்றுங்கள். கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ, ஒரு பெரிய ஸ்பூன் 15 மில்லி என்றால் 120 கலோரி. அது கிட்டத்தட்ட ஒரு கரண்டிச் சோற்றுக்குச் சமம், ஆனால் வயிற்றில் இடமே பிடிக்காது. தேங்காய்த் துருவலும் அப்படித்தான். நம் பொரியலில் தேங்காய் இல்லாமல் ருசிக்காது என்பது எனக்கும் தெரியும். ஒருவர் பங்குக்கு ஒரு ஸ்பூன் வரட்டும், கைப்பிடி வேண்டாம்.

கொள்ளு சேராது, வாயு பிடிக்கிறது என்று சொல்கிறவர்கள் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் என்று ஆரம்பித்து மெதுவாகக் கூட்டினால் வயிறு பழகிக்கொள்ளும்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் கொடுத்த வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அரிசி, கம்பு, ராகி எல்லாம் சேர்த்தே 250 கிராம் போதும் என்கிறார்கள். காய்கறி கீரை 400 கிராம், பருப்பு பயறு 85 கிராம். உங்கள் வீட்டில் நாலு பேருக்குச் சந்தையில் வாங்கும் காயை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இதில் பாதிகூட வராது. உழவர் சந்தையில் சுரைக்காயும் பூசணியும் பீர்க்கனும் வெள்ளரியும் மலிவாகத்தான் கிடைக்கின்றன. சுரையிலும் வெள்ளரியிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீர்தான். வயிற்றை நிறைக்க இவற்றை விட மலிவான வழி இல்லை.

திருப்பூர் நைட் ஷிப்ட்

பனியன் கம்பெனியில் ராத்திரி வேலை. மத்தவங்க கதை வேற, எனக்குப் பசிக்கிறது நடுராத்திரியில். ஒரு மணிக்கு டீ, அதோடு வருக்கியோ முட்டை பப்ஸோ. மூணு மணிக்கு மறுபடியும் பசி. பகலில் அஞ்சு மணி நேரம் தூங்கினால் அதிகம். எனக்கு என்ன செய்வது?

பவானிக்கரை

தம்பி, உங்கள் பசியில் பாதி தூக்கத்தால் வருவது. 2004ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டு, இன்னொரு சமயம் ரெண்டு ராத்திரி பத்து மணி நேரம் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். தூக்கம் குறைந்தபோது பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியது, நிறைவைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. குறிப்பாக இனிப்பும் மாவுப்பண்டமும்தான் கேட்டது. உங்கள் கை வருக்கியைத் தேடுவதற்கு அதுவும் காரணம். ஷிப்டை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்று தெரியும். ஜன்னலுக்குக் கனமான துணி போட்டு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் தூங்கப் பாருங்கள்.

வருக்கியைப் பற்றிக் கேட்டால் ஒரு ஆய்வு சொல்கிறேன். 1995ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் என்பவரும் அவர் குழுவும் 38 பண்டங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் 240 கலோரி அளவு கொடுத்து, எது எவ்வளவு நிறைவு தருகிறது என்று இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். முதலிடம் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு. கடைசி இடம் அடுக்கடுக்காக வெண்ணெய் போட்டுச் சுடும் குரோசாண்டுக்கு. உருளை அதைப் போல ஏழு மடங்கு நிறைவு தந்தது. வருக்கியும் பப்ஸும் அந்தக் குரோசாண்டு வகைதான்: மாவும் கொழுப்பும் அடுக்கடுக்காக, நீரே இல்லாமல். ஒரு மணிக்குச் சாப்பிட்டு மூணு மணிக்குப் பசிப்பதில் ஆச்சரியமே இல்லை.

வேலைக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஒழுங்கான சாப்பாடு. டப்பாவில் ரெண்டு அவித்த முட்டை, சுண்டல் ஒரு கிண்ணம். முட்டை வேண்டாம் என்றால் தட்டைப்பயறு சுண்டலும் ஒரு கொய்யாவும். டீ குடியுங்கள், சர்க்கரையை மட்டும் பாதியாக்கச் சொல்லுங்கள்.

வடவள்ளி வாசகன்

உருளைக்கிழங்கா? அதைத்தான் முதலில் விடச் சொல்கிறார்கள்.

பவானிக்கரை

அவித்த உருளை வேறு, எண்ணெயில் சிவக்க வறுத்த உருளை வேறு. அவித்ததில் நீர் அப்படியே இருக்கிறது. சிப்ஸாக்கினால் நீர் போய் அந்த இடத்தில் எண்ணெய் உட்காருகிறது. சர்க்கரை உள்ளவர்கள் அவித்த உருளை சாப்பிடும் நாளில் அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதைக் காய்க் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ராமநாதபுரம் மருந்துக்கடை

கோவை ராமநாதபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்த இழையைப் படிக்கிறவர்களில் பலர் ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறவர்களாக இருக்கலாம், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் திடீரென்று சோற்றைப் பாதியாக்காதீர்கள். மருந்து பழைய அளவில் வேலை செய்யும், சாப்பாடு பாதிதான் உள்ளே போயிருக்கும், சர்க்கரை தாழ்ந்துவிடும். குப்பென்று வியர்ப்பது, கை நடுக்கம், படபடப்பு, கண் மங்குவது இதெல்லாம் அறிகுறி. அப்போது கொள்ளும் கீரையும் பார்க்கக் கூடாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108க்குக் கூப்பிடுங்கள்.

மெட்பார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறையும் முட்டையையும் கூட்டும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

பவானிக்கரை

நல்ல நேரத்தில் சொன்னீர்கள் அண்ணா. கர்ப்பிணிகளும், வளர்கிற பிள்ளைகளும், உடம்பு ஏற்கெனவே மெலிந்த வயதானவர்களும் அளவைக் குறைக்கவே வேண்டாம்.

கோபி மருமகள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஆனைமலை அக்கா சொன்ன மாதிரியே பயறை வறுத்துக் கடைந்தேன். பொரியலும் கடைசலும் முதலில் வைத்துவிட்டு, அவர் பாதி சாப்பிட்ட பிறகுதான் சோற்றுப் போசியை எடுத்துப் போகிறேன். இப்போது நாலு மணிக்குப் பன் வேண்டியதில்லை என்கிறார், டீ மட்டும் குடிக்கிறார். தோசையும் தானாகவே ரெண்டு மூன்றில் நிற்கிறது. வட்டல் நிறைய இருப்பதால் எங்கள் அத்தைக்கும் மனத்தாங்கல் இல்லை. அத்தையே வெங்காயம் உரித்துக் கொடுக்கிறார்.

ரெண்டு சந்தேகம். வருகிற முகூர்த்தத்தில் ரெண்டு கல்யாணம், ஒரு கெடா வெட்டு. ஒரம்பரை வீட்டில் இலையில் போட்டதை வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். அப்புறம், சாயங்காலம் வீட்டில் இருக்கும் நாளில் அவர் கடலைக்காயைக் கையில் எடுத்தால் வைப்பதே இல்லை. நல்லதா கெட்டதா?

பல்லடம் தறிக்காரன்

கெடா வெட்டுக்குப் பயப்பட வேண்டியதே இல்லைங்க அக்கா. கறியும் குடலும் ஈரலும்தானே அங்கே. கறியை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோறு ஒரே கரண்டி வாங்கினால் போச்சு. கல்யாணப் பந்தியில்தான் கஷ்டம். நான் செய்வது இது: உட்கார்ந்ததும் பொரியலும் கூட்டும் ரெண்டாம் தரம் கேட்டு வாங்கிவிடுவேன். பரிமாறுகிறவருக்கு அதிலேயே சந்தோஷம். சோறு வரும்போது "ரசத்துக்கு வாங்கிக்கறனுங்க" என்று கை காட்டிவிடலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. இலையில் கடைசியில் மோர் மட்டும் கேட்டு வாங்கினால் நிறைய சாப்பிட்ட மாதிரியே இருக்கும். இனிப்பு பாதி போதும், மீதியைப் பக்கத்து இலைக் குழந்தைக்குக் கொடுத்துவிடுவேன்.

ஆனைமலைச் சமையல்கட்டு

தம்பி சொன்னது நடக்கிற வழி. எங்கள் பக்கம் இப்போது சில கல்யாணங்களில் கொள்ளு ரசத்தைத் தனி டம்ளரில் முதலிலேயே கொடுக்கிறார்கள். அது கிடைத்தால் விடாதீர்கள்.

பவானிக்கரை

கடலைக்காய் நல்லதுதான் அம்மிணி, ஆனால் கைப்பிடிக் கணக்கு வேண்டும். உரித்த கடலை 100 கிராமில் 25 கிராம் புரதம் இருக்கிறது, கூடவே 550 கலோரிக்கு மேலும் இருக்கிறது. வறுத்து உரித்துத் தட்டில் கொட்டி வைத்தால் டிவி பார்த்துக்கொண்டே கால் கிலோ காலியாகும். அதனால் தொலியோடு உப்புப் போட்டு அவித்துக் கொடுங்கள். அவித்ததில் நீர் ஏறியிருப்பதால் அதே எடைக்குக் கலோரி குறைவு. ஒவ்வொன்றாக உரித்துத் தின்ன வேண்டியிருப்பதால் கையும் வேகமாகப் போகாது. ஒருவருக்குத் தொலியோடு ரெண்டு கை அளவு எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மூடி உள்ளே வைத்துவிடுங்கள். அன்றைக்கு ராத்திரி தோசையில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கணக்கு சரியாகிவிடும். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.